தட்டை இருக்க வேண்டிய இடத்தில் தூண்

அன்புள்ள சேகருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்திற்கு ஏன் பதில் இல்லை என்று நீ திட்டத் தொடங்குமுன் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலமாக நான் நெஞ்செரிச்சல் என்று புலம்பி வந்ததும், விடுதிச் சாம்பாரின் வினைப்பயன் என்று நீ கேலி செய்து வந்ததும் உனக்கு நினைவிருக்கும். மகள் விடாப்பிடியாக அழைத்துச் சென்றதால் எண்டோஸ்கோபி செய்து, திசுத் துணுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். ‘பாரெட் உணவுக்குழாய்’ என்று அறிக்கை வந்திருக்கிறது. புற்றுநோய் இல்லை. இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போ.

பணி ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடம் இது என்பதுதான் வேடிக்கை. உறுப்புகளின் பரப்பைப் போர்த்தியிருக்கும் செல்படலமான எபிதீலியத்தைப் பற்றிய பாடம் அது. உணவுக்குழாய்க்குப் பல அடுக்குத் தட்டை எபிதீலியம், இரைப்பைக்கும் குடலுக்கும் ஓரடுக்குத் தூண் எபிதீலியம், சிறுநீரக நுண்குழல்களுக்குக் கனசதுர எபிதீலியம், மூச்சுக்குழாய்க்கு மயிர் போன்ற குறுஇழைகள் கொண்ட போலி அடுக்கு எபிதீலியம் என்று பலகையில் எழுதிப் போடுவேன். ஒவ்வோர் உறுப்புக்கும் அரசாங்கம் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது போலப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். அந்தப் பட்டா செல்லாது என்பதை என் உடம்பே எனக்குக் காட்டியிருக்கிறது.

எந்த இடத்தில் எந்த வகை என்பதை அந்த இடத்தின் வேலைதான் தீர்மானிக்கிறது. நுரையீரலின் காற்றுப்பைச் சுவரில் ஆக்சிஜன் தடையின்றி ஊடுருவ வேண்டும் என்பதால், அங்குள்ள தட்டை செல் சுமார் 0.2 மைக்ரோமீட்டர் தடிமனே கொண்டிருக்கிறது. வறுத்த கடலையும் முறுக்கும் உரசிக்கொண்டு இறங்கும் உணவுக்குழாயிலோ அந்த மென்மை ஒரு நாள்கூடத் தாங்காது. அதனால் அங்கே அடுக்குமேல் அடுக்காகச் செல்கள் இருக்கின்றன, மேலடுக்கு தேய்ந்து உதிர உதிர அடியிலிருந்து புதியவை எழும்பி வருகின்றன. ஆனால் உராய்வைத் தாங்கும் அந்த அடுக்குகளால் அமிலத்தைத் தாங்க முடியாது. இரைப்பையின் தூண் செல்கள் சளியைச் சுரந்து தம்மைக் காத்துக்கொள்கின்றன. உணவுக்குழாயின் உட்பரப்புக்கு அத்தகைய கவசம் கிடையாது. ஆண்டுக்கணக்கில் அமிலம் மேலேறி வந்தால், சிலருக்குத் தட்டை செல்கள் அழிந்த இடத்தில் குடலில் இருப்பவற்றை ஒத்த தூண் செல்கள் வளர்ந்துவிடுகின்றன. ஒரு முதிர்ந்த திசுவின் இடத்தை வேறு வகைத் திசு பிடித்துக்கொள்ளும் இந்த மாற்றத்தை மெட்டாபிளேசியா என்பார்கள். உணவுக்குழாயில் அது நடந்தால் அதுதான் என் அறிக்கையில் உள்ள பாரெட் உணவுக்குழாய். நமக்குப் பாடம் நடத்திய ஹைட்ரா சார் இதை அரை நிமிடத்தில் கடந்து போனார் என்பது என் நினைவு; நீ அந்த அரை நிமிடமும் தூங்கியிருப்பாய்.

பழைய ஆசிரியர் என்ற உரிமையில் நோயியல் மருத்துவரிடம் என் திசுத் துணுக்கு ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மையார் முகம் சுளிக்காமல் நுண்ணோக்கியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு பக்கம் இளஞ்சிவப்பாக, கீழே நெருக்கமாகவும் மேலே போகப்போகத் தட்டையாகவும் அடுக்கிய செல்கள். சட்டென்று அந்த வரிசை முறிந்து, நெட்டையான செல்கள் ஒற்றை வரிசையில் நிற்கின்றன. அவற்றின் இடையிடையே, சளி சுரக்கும் வயிறு புடைத்த கோப்பை செல்கள். ஆல்சியன் நீலம் என்னும் சாயம் ஏற்றிய மற்றொரு துண்டில் அந்தக் கோப்பைகளில் இருந்த சளி மட்டும் பளீரென்று நீலமாகத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகள் தவளைக் குடலில் பிள்ளைகளுக்குக் காட்டிய அதே செல்களை என் நெஞ்சுக்குப் பின்னால் இருந்து எடுத்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார். பயமும் அழகும் ஒன்றாக வந்தன; அழகு சற்று முந்திக்கொண்டது என்று சொன்னால் என் மனைவி திட்டுவாள்.

இதற்குப் பெயர் கொடுத்த நார்மன் பாரெட் ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர். 1950-இல் அவர், தூண் செல்கள் படர்ந்த அந்தக் குழாய், மார்புக்குள் மேலே இழுக்கப்பட்ட இரைப்பையே என்று எழுதினார். அது உணவுக்குழாய்தான் என்று அலிசனும் ஜான்ஸ்டோனும் 1953-இல் எடுத்துக்காட்டினார்கள். 1957-இல் பாரெட்டும் அதை ஏற்றுக்கொண்டார். சரியாகச் சொன்னவர்கள் இருக்க, பெயர் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மருத்துவர் சொன்னது இது: செல்களில் ஒழுங்கு குலையாத நிலையில் இது புற்றாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். மாத்திரை எரிச்சலைத் தணிக்குமே தவிர, வந்த தூண் செல்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பாது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன், பேச்சை மாற்றாதே. என்னிடம் தட்டை தூணாயிற்று, உன்னிடம் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டிருக்கும் என்று அஞ்சுகிறேன். நலமான மூச்சுக்குழாயில் கோப்பை செல்கள் சுரக்கும் சளியில் தூசும் கிருமிகளும் ஒட்டிக்கொள்ள, அருகிலுள்ள செல்களின் குறுஇழைகள் ஓயாமல் அசைந்து அந்தச் சளியைத் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன. நீ பிடிக்கும் புகை அந்த இழைகளை முதலில் முடக்குகிறது. பிறகு அந்தச் செல்கள் போய், புகையைத் தாங்கக்கூடிய தட்டை செல்கள் வருகின்றன. அவற்றுக்கு இழைகள் இல்லை. சளியை மேலேற்ற ஆளில்லாமல் போவதால் இருமித்தான் வெளியேற்றியாக வேண்டும். விடியற்காலையில் நீ இருமும் இருமலைப் பற்றி உன் மனைவி என் மனைவியிடம் சொன்னது என் காதுக்கும் வந்துவிட்டது. நுரையீரலின் புற்றுகளில் ஒரு பெரும் பிரிவு, இருக்கக் கூடாத இடத்தில் வந்த இந்தத் தட்டை செல்களின் வழியில்தான் தொடங்குகிறது. என்னுடையதைப் போலன்றி உன்னுடையது திரும்பக்கூடியது; புகையை விட்டால் குறுஇழைகள் மீண்டும் முளைக்கின்றன. வங்கியில் கடனுக்கு வட்டி போட்டே பழகிய உனக்கு இந்தச் சலுகையின் மதிப்பு தெரியாமல் இருக்காது. பொங்கலுக்கு முன் நெஞ்சக மருத்துவர் ஒருவரைப் பார். எக்ஸ்ரேயை எனக்குக் கைப்பேசியில் அனுப்பு.

ஹைட்ரா சாரின் பேத்தி திருமண அழைப்பிதழ் உனக்கும் வந்திருக்கும். இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது எனக்கு இட்டிருக்கும் கட்டளை. ஆகையால் மாலை வரவேற்பில் என்னைத் தேடாதே. காலை முகூர்த்தத்துக்கே வந்து சேர்.

அன்புடன்,
உன் ராமு