அம்மா பெயரையும் சேர்த்து எழுது

அன்புள்ள மீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குட்டி ஈனும் குதிரைகளுக்கு இரவுக் காவல் என்று உன்னைப் போட்டிருக்கிறார்கள், பொலிகுதிரைகளின் பக்கம் விடுவதில்லை, அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் மரியாதை என்று எழுதியிருந்தாய். சரி. ஆனால் நீயே என்ன செய்திருக்கிறாய்? உன் பொறுப்பில் இருக்கும் கிழட்டுக் குதிரையைப் பற்றி, ‘ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காதவள், தகப்பன் இன்ன குதிரை’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டாய். தாய் பெயரைக் காணோம். குதிரைப் பண்ணை அலுவலகத்தில் உட்கார்ந்து வம்சப் பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றவளின் மகள் இப்படி எழுதலாமா?

உங்கள் ஊர் வெதர்பி குடும்பத்தார் 1791-இல் முன்னோட்டம் போட்டுத் தொடங்கிய ஜெனரல் ஸ்டட் புக் என்ற குதிரை வம்சப் பதிவேடு இருக்கிறதே, அது எப்படி அமைந்திருக்கிறது என்று பார். தாய்க் குதிரையின் பெயர்தான் தலைப்பு. அதன் கீழே அவள் ஈன்ற குட்டிகள் வருடவாரியாக வரும். தகப்பன் பெயர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்திரிகைக்காரர்கள்தான் எல்லாவற்றையும் தகப்பன் வழியே சொல்லிப் பழக்கிவிட்டார்கள்.

நீ இருக்கும் நியூமார்க்கெட்டுக்குக் கிழக்கே, பரி செயின்ட் எட்மண்ட்ஸ் அருகில் கிரேட் பார்ட்டன் என்று ஓர் ஊர் உண்டு. சர் சார்லஸ் பன்பரி என்ற பிரபுவின் ஊர். நியூமார்க்கெட்டின் ஜூலை மைதானத்தில் ஒரு மைல் ஓட்டப்பாதையை ‘பன்பரி மைல்’ என்று சொல்கிறார்களே, அதே பன்பரி. எப்சமில் மூன்று வயதுக் குதிரைகள் ஓடும் பெரிய பந்தயமான டெர்பியை, 1780-இல் அது முதன்முதலாக நடந்தபோது ஜெயித்த டயோமெட் அவருடைய குதிரை. ஆனால் நான் சொல்ல வந்தது டயோமெட்டைப் பற்றி அல்ல, அவன் பேத்தி எலினாரைப் பற்றி.

எலினார் பிறந்தது 1798. தகப்பன் விஸ்கி, தாய் யங் ஜயன்டெஸ். அதே வருடம்தான் அவளுடைய பாட்டன் டயோமெட்டை, இனி இவனால் பயனில்லை என்று, இருபத்தோரு வயதில் வெறும் 50 கினிக்கு (அந்தக் காலத்து இங்கிலாந்துத் தங்க நாணயம்) அமெரிக்காவுக்கு விற்றார்கள். அங்கே போய் அவன் சர் ஆர்ச்சி என்ற மகனைக் கொடுத்து, அந்த நாட்டுக் குதிரை வம்சத்துக்கே மூலவனாகிவிட்டான். விற்றவர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள். அது போகட்டும்.

1801-இல் எப்சமில் எலினார் டெர்பி ஓடினாள். ஆண் குதிரைகளோடு ஒன்றரை மைல். முதலிடம். அதுவரை எந்தப் பெண் குதிரையும் டெர்பியை ஜெயித்ததில்லை. மறுநாளே பெண் குதிரைகளுக்கான ஓக்ஸ், அதே ஒன்றரை மைல். அதிலும் அவளையே இறக்கினார்கள், அதையும் ஜெயித்தாள். இரண்டிலும் ஜாக்கி ஜான் சாண்டர்ஸ். இன்றைக்கு எந்தப் பயிற்சியாளராவது அடுத்தடுத்த நாளில் அப்படி ஓட்டினால் கால்நடை மருத்துவரான நீயே முதலில் சண்டைக்குப் போவாய். எனக்கும் அது சரியென்று படவில்லை. ஆனால் அவள் அதற்குப் பிறகும் பல பருவங்கள் ஓடினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளைப் பழக்கிய காக்ஸ் என்பவர் டெர்பிக்கு முன்பே நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். கடைசி நேரத்தில் ஏதோ சொல்ல வருகிறார், பாவமன்னிப்பாக இருக்கும் என்று பாதிரியார் குனிந்து காதைக் கொடுத்தாராம். எலினார் லேசுப்பட்ட குதிரை இல்லை, நம்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். உண்மையோ பொய்யோ, அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை.

எலினாருக்குப் பிறகு டெர்பி ஜெயித்த பெண் குதிரைகள் ஐந்துதான்: 1857-இல் பிளிங்க் பானி, 1882-இல் ஷாட்ஓவர், 1908-இல் சிக்னரினெட்டா, 1912-இல் டகாலி, 1916-இல் ஃபிஃபினெல்லா. ஷாட்ஓவரும் டகாலியும் தவிர மற்ற மூவரும் ஓக்ஸையும் சேர்த்து ஜெயித்தவர்கள். நூறு வருடத்துக்கு மேலாக இந்தப் பட்டியலில் புதுப்பெயர் ஏறவில்லை.

இப்போது எலினாரின் தாய்க்கு வருகிறேன். பன்பரி டெர்பி ஜெயித்தது மூன்று முறை: டயோமெட், எலினார், பிறகு 1813-இல் ஸ்மொலென்ஸ்கோ. மூன்றையும் ஒரு தாளில் எழுதி நடுவில் யங் ஜயன்டெஸ் பெயரைப் போட்டுப் பார். டயோமெட் அவளுடைய தகப்பன். எலினார் அவளுடைய மகள். ஸ்மொலென்ஸ்கோவின் தகப்பன் சார்சரர் அவளுடைய மகன். பன்பரியின் மூன்று வெற்றியும் அந்த ஒரு தொழுவத்து வாசல் வழியாகத்தான் போகிறது. ஆனால் மைலுக்குப் பன்பரியின் பெயர்தான். பதிவேட்டில் முதன்முதலாக இதைக் கண்டபோது அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

பந்தயம் முடிந்து எலினார் குட்டிகளுக்குத் தாயானாள். (உன் அத்தை இந்த இடத்தைப் படித்தால் உடனே உன் கல்யாணப் பேச்சை எடுப்பாள். நான் குதிரையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.) 1810-இல், தன் பன்னிரண்டாம் வயதில், அவள் ஈன்ற ஆண் குட்டி மியூலி. தாய் அளவுக்கு அவன் பந்தயத்தில் பெயர் வாங்கவில்லை. ஆனால் மியூலியின் மகள் மார்பெஸா. மார்பெஸாவின் மகள் போகஹான்டஸ், பிறப்பு 1837. எலினாருக்குக் கொள்ளுப்பேத்தி.

போகஹான்டஸைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே தகப்பன் கிளென்கோவை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு மூச்சில் கோளாறு. ஓடும்போது தொண்டையில் இரைச்சல் கேட்கும். குரல்வளை நரம்பு செயலிழப்பதால் வருவது என்று நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தாயே, அதே நோய். அது குட்டிகளுக்கும் வரும் என்று வளர்ப்பவர்கள் பயந்து விலகிய காலம் அது. பல பந்தயங்கள் ஓடினாள், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. எலினாரின் கொள்ளுப்பேத்தி என்று வெளியே சொல்லவே கூசியிருப்பார்கள்.

பிறகு 1849-இல் ஸ்டாக்வெல், 1850-இல் ரட்டபிளான், 1851-இல் கிங் டாம் என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்று மகன்கள். ஸ்டாக்வெல் 1852-இல் இரண்டாயிரம் கினி, செயின்ட் லெஜர் என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் ஜெயித்தான். அதைவிடப் பெரிது, பிள்ளைகளின் பந்தய வெற்றியை வைத்து வருடந்தோறும் போடும் தகப்பன் குதிரைகளின் பட்டியலில் ஏழு முறை முதலிடத்தில் நின்றது. 1866 டெர்பியில் முதல் மூன்று இடத்தில் வந்தவை மூன்றும் அவன் பிள்ளைகள். தம்பி கிங் டாமின் மகள் வயிற்றுப் பேரன்தான் தோல்வியே அறியாத செயின்ட் சைமன். இன்று உங்கள் பண்ணையில் நிற்கும் குதிரைகளில் எதன் வம்சாவளியை எடுத்துப் பின்னோக்கிப் போனாலும் ஸ்டாக்வெல் வருவான். அவன் வந்தால் போகஹான்டஸும் எலினாரும் வந்துவிட்டார்கள். போகஹான்டஸ் 1870 வரை, முப்பத்து மூன்று வயது வாழ்ந்தாள்.

அதனால் உன் கிழவி பந்தயத்தில் ஜெயிக்காததை மட்டும் வைத்து அவளைக் கணிக்காதே. அவளுடைய தாய், பாட்டி, அவர்கள் ஈன்றவை எவை, அவை எந்த வயதில் என்ன தூரம் ஓடின என்று எழுதி அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன். அந்தக் குடும்பமும் சரியில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்வேன்.

இரவுக் காவலில் ஸ்வெட்டர் போட்டுக்கொள். பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் வருகின்றன. ஜூனில் எப்சம் போக விடுப்பு கிடைத்தால், எல்லோரும் முண்டியடிக்கும் சனிக்கிழமை டெர்பிக்கு டிக்கெட் தேடாதே. வெள்ளிக்கிழமை ஓக்ஸுக்குப் போ. அன்றைய பந்தயக் குறிப்பேட்டை எனக்குத் தபாலில் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா