எஃப்.என்.யூ. ராமநாதன் எழுதிக்கொண்டது

ஸ்ரீரங்கம்
12-01-2026

அன்புள்ள வேலு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்து, தெருவில் ஸ்கூட்டரை வெளியே எடுக்கவே இப்போதுதான் முடிகிறது. அதுவரை கறிகாய்க்குக்கூட நடைதான். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? மீனாட்சி கேட்கச் சொன்னாள். எங்கள் வீட்டு முருங்கை மரம் டிசம்பர் காற்றில் சாய்ந்துவிட்டது. வெட்டிப் போட்ட கிளைகளை எடுத்துப்போக இன்னும் ஆள் வரவில்லை.

இரண்டு பேருக்கும் அமெரிக்க விசா கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். பையன் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, "அமெரிக்க விசா இருந்தால் துபாய், ஜார்ஜியா எல்லாம் விசா இல்லாமலே போகலாம்ப்பா, வழியில் இறங்கிப் பார்த்துவிட்டு வாங்க" என்று. அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த "விசா இல்லாமலே" என்பதற்குப் பின்னால் ஒரு வால் இருக்கிறது. போன வருடம் மகள் வீட்டுக்குப் போகும்போது நானே அந்த வாலை மிதித்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூட்டுறவு வங்கியில் நான் இருந்த 32 வருடமும் நடந்தது என்ன? கடன் கேட்டு வருகிறவன் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஜாமீன் கையெழுத்து யாருடையது என்றுதான் பார்ப்போம். ஹெட்மாஸ்டர் வேலாயுதம் என்றிருந்தால் மேனேஜர் மறுபேச்சுப் பேசமாட்டார். இந்த நாடுகள் செய்வதும் அதேதான். நம் பாஸ்போர்ட்டை நம்பி யாரும் கதவைத் திறப்பதில்லை. அமெரிக்கத் தூதரகம் நம்மை உட்காரவைத்து, வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், பென்ஷன் எல்லாம் கேட்டுச் சலித்துவிட்டது, இனி நாம் சலிக்க வேண்டாம் என்று ஒரு கணக்கு. அமீரகம் 2017 மே மாதம் அமெரிக்க விசா வைத்திருக்கிற இந்தியர்களுக்கு, இறங்கியதும் 14 நாள் விசா கொடுக்க ஆரம்பித்தது இப்படித்தான். அப்புறம் பிரிட்டன், ஐரோப்பிய யூனியன், சிங்கப்பூர், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று ஜாமீன் போடுகிறவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று.

ஜாமீன்தாரருக்கு உயிர் இருக்க வேண்டும் அல்லவா, அதனால் அந்த அமெரிக்க விசா இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் அதே 6 மாதம். உனக்கு விசா புதிது, பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட்தான் அடுத்த வருடம் முடிகிறது என்கிறாய். புதியது வாங்கினாலும் விசா பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவுக்கு இரண்டையும் சேர்த்துக் காட்டினால் போதும். பழையதை ரத்து செய்து மூலையை வெட்டும்போது விசாப் பக்கத்தில் கத்தரி படாமல் மட்டும் பார்த்துக்கொள். வழியில் இறங்கும் நாடு இந்த இரட்டைப் பாஸ்போர்ட்டை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை அந்தந்த நாட்டிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஹாஸ்டலில் எட்டு ராமநாதன்கள் இருந்தோம், இனிஷியலை வைத்துத்தான் பிழைத்தோம். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலும் போய்விட்டது. பெயர் இருக்கிற இடத்தில் ராமநாதன், குடும்பப் பெயர் இருக்கிற இடத்தில் வெற்றிடம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அமெரிக்கா அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துக் கொடுத்தது. முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். பேத்தி இப்போதும் என்னை எஃப்.என்.யூ. தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள்.

சென்னை விமான நிலையம், ராத்திரி ஒரு மணி. துபாயில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு அமெரிக்கா போவதாகத் திட்டம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு நம் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படிக்கிற வயதுதான் இருக்கும்போலத் தெரிந்தது. என் பாஸ்போர்ட்டைத் திறந்தாள், விசாப் பக்கத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் தட்டினாள், மறுபடி முதல் பக்கம். "சார், சர்நேம் இல்லையே." இல்லைம்மா என்றேன். "துபாய்க்கு ஒற்றைப் பெயர் எடுக்கமாட்டாங்க சார்." பெட்டிகள் இரண்டும் தராசு மேல் நிற்கின்றன. பின்னால் வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது. மீனாட்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் சொன்னதில் பாதி சரி. 2022 நவம்பரில் அமீரகம் அப்படி ஒரு விதி போட்டது. பெயர் ஒற்றைச் சொல்லாக இருந்தால், வேலை பார்க்கவோ குடியிருக்கவோ அனுமதி இல்லாதவர்களுக்கு நுழைவு கிடையாது என்று. நம் ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் அப்படித்தானே, ஒரே கூச்சல். சில நாளிலேயே, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். இந்த இரண்டாம் பாதி அந்தக் கவுண்டர் வரை வந்து சேரவில்லை. சூப்பர்வைசர் வந்தார், என் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அப்பா பெயரைப் பார்த்தார், யாருக்கோ போன் போட்டார். 40 நிமிடம். அவரும் பாவம்தான். தகுதியில்லாத ஆளை ஏற்றி அனுப்பினால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான கம்பெனி தலையில், அபராதம் வேறு. அதனால் குடிநுழைவு அதிகாரிக்கு முன்பே இவர்கள் அதிகாரி ஆகிவிடுகிறார்கள். டைமாட்டிக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், எந்த நாட்டுக்கு என்ன காகிதம் என்று சொல்லும் தகவல் பெட்டகம். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு வேதம்.

துபாயில் இறங்கிய பிறகு? ஒரு கேள்வி கிடையாது. இரண்டு நிமிடத்தில் முத்திரை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜார்ஜியா விஷயம். அமெரிக்க விசா இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம் என்பது நிஜம். இந்த ஜனவரி 1 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயமாக்கியிருக்கிறார்கள், பையனுக்கு அது தெரியுமா என்று கேள். ஓட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் காகிதமாகவே கையில் இருக்கட்டும். விசா வேண்டாம் என்றால் உள்ளே விடுவோம் என்று அர்த்தமில்லை, முடிவு அங்கே குடிநுழைவுச் சாளரத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில். முன்கூட்டி விசா வாங்கினால் "முடியாது" என்பதை வீட்டில் இருந்துகொண்டு கேட்போம். இதில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போய்க் கேட்க நேரலாம். உனக்கு அங்கே பனிமலை பார்க்க ஆசையா, இல்லை பையனுக்கா? முழங்கால் வலியோடு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு மலை ஏறப் போகிறாயாக்கும்.

இதைத் தோண்டப் போய் நிறையப் படித்துவிட்டேன், ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை. துருக்கியும் நம் அமெரிக்க விசாவைப் பார்த்து இணையத்திலேயே மின்விசா கொடுக்கிறது. ஆனால் ஜாமீனாகக் காட்டுகிற விசா மின்விசாவாக இருந்தால் ஏற்காது. தான் கொடுப்பது மின்விசா, அடுத்தவன் கொடுத்த மின்விசாவில் மட்டும் நம்பிக்கையில்லை! தைவான் இதற்கு நேர் எதிர். 10 வருடத்துக்குள் காலாவதியான அமெரிக்க விசா இருந்தால்கூட இணையத்தில் பதிந்து அனுமதி வாங்கலாம். செத்துப்போன ஜாமீன்தாரரையும் மதிக்கிற ஊர் என்று நினைத்தேன். அடுத்த வரியைப் படித்ததும் சுருக்கென்றது. முன்பு அங்கே கூலித்தொழிலாளியாக வேலை பார்த்தவருக்கு இந்தச் சலுகை கிடையாதாம். அவன் கட்டிக்கொடுத்த ஊரைச் சுற்றிப்பார்க்க மற்றவனுக்கு அனுமதி.

ஜாமீனே கேட்காத நாடுகளும் உண்டு. மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விடுகிறது, இந்த வருடக் கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள். போவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை மட்டும் நிரப்ப வேண்டும். ஈரானும் 2024 பிப்ரவரியில் திறந்தது. 15 நாள், விமானத்தில்தான் வர வேண்டும், சுற்றுலாவுக்கு மட்டும், 6 மாதத்துக்கு ஒரு முறை என்று வரிசையாக நிபந்தனைகள். வேலை வாங்கித் தருகிறோம் என்று ஏஜென்ட்டுகள் நம் பையன்களை அங்கே இறக்கி, பணம் கேட்டுக் கடத்தவும் செய்தார்கள். கடைசியில் 2025 நவம்பர் 22 முதல் சலுகையை நிறுத்திவிட்டார்கள். செர்பியாவும் 2023 ஜனவரி 1-இல் இப்படித்தான் கதவைச் சாத்தியது. ஆகவே போன வருடம் போய்வந்த என் பேச்சையும் அப்படியே நம்பாதே. டிக்கெட் போடுகிற அன்று ஒரு தரம், கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு தரம், அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தைப் பார்க்கச் சொல் பையனை.

திரும்பும்போது சிங்கப்பூரில் தங்கை மகளைப் பார்க்க வேண்டும் என்றாயே. அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு வந்தால் 96 மணி நேரம் விசா இல்லாமல் இருக்க வழி இருக்கிறது. வேறொரு நாட்டுக்குப் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ மட்டும்தான். திருச்சியிலிருந்து சும்மா போய்விட்டுத் திரும்ப அது உதவாது. பேத்தி பிறந்திருக்கிற வீட்டில் மணி பார்த்துக்கொண்டா உட்கார முடியும்? பேசாமல் விசா எடுத்துவிடு, இங்கே தில்லைநகர்ப் பக்கம் டிராவல்ஸ்காரர்கள் எடுத்துத் தருவார்கள்.

உன் பாஸ்போர்ட்டிலும் வேலாயுதம் மட்டும்தானே? புதுப்பிக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்க்கலாமா என்று நினைப்பாய். சேர்த்தால் விசாவில் இருக்கிற பெயரும் அதுவும் ஒத்துப்போகாது. அது வேறு தலைவலி. பையனிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு போன் போடு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து அனுப்புகிறேன் என்றாயே, பஸ்ஸில் கொடுத்துவிடாதே, போன தடவை வாடிப்போய் வந்தது. நீயே எடுத்துக்கொண்டு வா. வரும்போது இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் கொண்டுவா, கடைசிப் பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ராமநாதன்