உன் மூன்று மாத்திரை டப்பாக்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியதுதான் இரண்டு நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பழகிய ஒருவரின் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை, அம்மாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் வந்துவிடுமோ என்று பயந்து மூன்று டப்பா வைட்டமின் வாங்கியிருக்கிறாய். அம்மா உன்னையே "நீங்க யாரு?" என்று கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பயத்தைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

முதலில் வைட்டமின் இ. வயதான ஆண்கள் 7,500 பேருக்கு மேல் வைத்து இதையும் செலினியம் என்ற தாதுச்சத்தையும் சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவு: டிமென்ஷியா, அதாவது நீ பயப்படும் அந்த மறதி நோய், வருவது குறையவில்லை. அளவு கூடினால் ரத்தக்கசிவு வரலாம். நீயோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன். டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதே.

மல்டிவைட்டமின் விஷயம் கொஞ்சம் வேறு. காஸ்மாஸ் என்ற ஆய்வில் தினமும் சாப்பிட்ட முதியவர்களின் நினைவாற்றல் சற்றே மேம்பட்டது. டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று அது நிரூபிக்கவில்லை. அதற்கு முன்பு ஏறக்குறைய 6,000 ஆண் மருத்துவர்களை 12 ஆண்டு வரை கவனித்தபோது அந்தச் சிறு பலனும் தெரியவில்லை.

மூன்றாவது ஃபோலிக் அமிலம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். வைட்டமின் பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகிவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். நீ பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறாய். அதுவே பி12ஐக் குறைத்துவிடலாம்.

என் அக்காவுக்கு நடந்ததை உனக்கு எழுதவே இல்லை. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். ஒருநாள் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பூட்டின் முன் அப்படியே நின்றார், அது எதற்கு என்று தெரியாமல். வயசாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். ரத்தம் பார்த்தால் பி12 மிகக் குறைவு. ஊசி போட்டு சில மாதங்களில் பேச்சு தெளிந்தது, கணக்கும் தானே பார்க்கிறார். கால் மரத்துப்போவது மட்டும் முழுதாகப் போகவில்லை. இன்னும் முன்னால் பார்த்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், டப்பாவை மூடிவைத்துவிட்டு முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள். குறை இருந்தால் அந்த வைட்டமின் மருந்தாகும். குறை இல்லாதவர்கள் டிமென்ஷியா வராமலிருக்க பி, இ வைட்டமின்களோ பலவும் கலந்த மாத்திரையோ எடுக்கும்படி பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லிவிட்டது.

அப்புறம், காதையும் சோதித்துக்கொள். போனில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வைக்கிறாய். காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை இவையெல்லாம் டிமென்ஷியாவோடு தொடர்புள்ளவை. லான்செட் என்ற மருத்துவ இதழின் 2024 அறிக்கை, ஆபத்தைக் கூட்டும் இப்படிப்பட்ட 14 காரணிகளைச் சொல்கிறது. நான் காதுக் கருவி போட்ட முதல் நாள், குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டு எழுந்து போய் மூடினேன். எத்தனை நாளாகச் சொட்டியதோ!

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்ணை அப்படியே எழுதி அனுப்பு. டாக்டரிடம் போக உனக்குத் துணை வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல், கிளம்பி வருகிறேன்.

என்றும் உன்
நண்பன்