கச்சேரிக்கு நடுவே அரை மணி விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி நெருங்கிவிட்டது. சபாக்களின் நிகழ்ச்சி நிரல் கையில் கிடைத்ததும் யார், எந்த ஸ்லாட் என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். ஒரு கச்சேரிக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நிமிடம் விட்டிருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. யுனெஸ்கோ 2017இல் இசை நகரமாக ஏற்றுக்கொண்ட சென்னையில், தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஜனம் எழுந்து போவதற்கு கேன்டீன் மட்டும் காரணம் இல்லை. காதை வருத்தும் ஒலியமைப்பும் ஒரு காரணம்.

நாலு மணிக்கு ஒரு கச்சேரி முடிந்து, நாலேகாலுக்கு அடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்களம் பாடி, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, ஒரு குழு இறங்கி இன்னொரு குழு ஏறுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். ஒலியமைப்பாளருக்கு மிஞ்சுவது "ஹலோ, செக்" சொல்லும் நேரம்தான். பக்கவாத்தியம் மாறியிருக்கும், பாடகரின் சுருதியும் மாறியிருக்கும். ஆனால் மைக்குகளின் ஒலியைக் கலந்து அளவு வைக்கும் மிக்ஸரில் இருப்பதோ முந்தைய கச்சேரியின் அமைப்பு. நாலரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடியவருக்காக 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி வைத்ததை அப்படியே விட்டால், தாழ்ந்த ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவரின் மந்திர ஸ்தாயி, அதாவது கீழ்க்குரல், இளைத்துப்போகும். அவருடைய ஆதார ஷட்ஜமமே (ஸ) ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள மந்திர பஞ்சமம் (ப) 98. "இன்றைக்குக் குரலில் கனமில்லை" என்று மறுநாள் விமர்சனம் வரும்!

மிருதங்கத்தின் பாடு இன்னும் மோசம். வெளியே ஈரக் காற்று, உள்ளே ஏ.சி. மேடைக்குப் பின்னால் சேர்த்த சுருதி, தோல் உலர உலர மேலே ஏறும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ஒட்டிய ரவையும் காய்ந்து, 'கும்' என்ற நாதம் மெலியும். வித்வான் கல்லையும் மரக்கட்டையையும் எடுத்துப் பின்னலைத் தட்டிச் சரிசெய்யும்போது, அந்த மைக் திறந்திருந்தால் ஒவ்வொரு தட்டும் சபை முழுக்கக் கேட்கும். வாத்தியங்களை இருபது நிமிடம் முன்பே மேடைக் குளிரில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். அதற்கு மேடை காலியாக இருக்க வேண்டுமே.

இதனால் நடப்பதை எந்தச் சபாவிலும் பார்க்கலாம். தொடக்க உருப்படியான வர்ணம் முடிவதற்குள் பாடகர், கலைஞர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைத்த மானிட்டர் பெட்டியைக் காட்டி விரலை மேலே உயர்த்துவார். ஏற்றியதும் வயலின்காரருக்குத் தன் வில் கேட்காது. அவரும் விரலை உயர்த்துவார். பிறகு மிருதங்கம், பிறகு கடம். மேடையில் கூடியது பாடகரின் மைக்கிலும் புகும். அதை மூட ஒலிப்பெட்டியை இன்னும் ஏற்றினால் 'கீ' என்று ஃபீட்பேக். ஒருவராவது "குறையுங்கள்" என்று கேட்பது அபூர்வம்.

அரை மணி கிடைத்தால் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மானிட்டரை முழுக்க அணைத்துவிட்டு முதலில் தம்பூரா, அதன்மேல் குரல், பிறகு வயலின், கடைசியில் தாளவாத்தியம் என்று வைக்க வேண்டும். நடைமுறையில் மிருதங்கத்தில் தொடங்குகிறார்கள். மற்றதெல்லாம் அதை எட்டிப்பிடிக்க ஓடுகிறது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை சபையைப் பார்த்துத்தான் இருக்கிறது. முந்நூறு பேர் அமரும் அரங்கில் அதற்குப் பெயருக்கு ஒரு மைக் போதும், தொப்பிக்குக் கொஞ்சம் கூடுதல். திறந்திருக்கும் மைக்குகள் நாலிலிருந்து எட்டானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைந்துவிடும். குரல் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்; உதட்டோடு ஒட்டினால் அடிக்குரல் உப்பும். முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் மந்தம், ஆகவே மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்துவிட்டு ஃபீட்பேக் வருகிறது என்று மைக்கைக் குறை சொல்வதில் பயனில்லை. கைப்பேசிச் செயலிதான் சுருதிப்பெட்டி என்றால் அதை விமானப் பயன்முறையில் போடுங்கள். ஆலாபனை நடுவே அழைப்புமணி அடிப்பது எந்த ராகத்திலும் சேராது.

மிக்ஸரை மேடை ஓரத் திரைக்குப் பின்னால் வைப்பதை நிறுத்த வேண்டும். அங்கே நிற்பவருக்கு மேடை கேட்கும், சபை கேட்காது. நடு வரிசைகளில் நாலு நாற்காலியை விட்டுக்கொடுக்க மனம் வராத சபாக்கள், மிக்ஸரை டேப்லெட்டில் இயக்கும் வசதி இருந்தால் ஆளையாவது சபைக்குள் நடக்க விடலாம். காலி அரங்கில் வைத்த அளவு, ஜனம் நிறைந்ததும் மங்கும். முதல் கீர்த்தனைக்குள் கேட்டுத் திருத்தியாக வேண்டும்.

இப்போது கச்சேரிகள் கல்யாண மண்டபங்களுக்கும் அடுக்குமாடி வளாகக் கூடங்களுக்கும் பரவியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள கூடத்தில் முன்னால் இரண்டு பெரிய பெட்டியை அலற விட்டால் கடைசி வரிசைக்கு எதிரொலிதான் போய்ச் சேரும். முன்பெட்டியைக் குறைத்து, நடுவில் இரண்டு சிறிய பெட்டி வையுங்கள். முன்பெட்டிக்கும் அதற்கும் பத்து மீட்டர் தூரம் என்றால், இரண்டின் ஒலியும் சேர்ந்து காதுக்கு வர, சிறிய பெட்டிக்கு 29 மில்லி வினாடி தாமதம் கொடுக்க வேண்டும். கனத்த திரைச்சீலை கட்டினால் இன்னும் நல்லது. நூறு பேர் மட்டும் கூடும் சிறிய கூடமென்றால் மைக்கே வேண்டாம், ஏ.சி. விசிறியின் இரைச்சலைக் குறைத்தால் போதும்.

அரை மணி இடைவெளி விட்டால் நாளுக்கு ஒரு ஸ்லாட் போகும், வளரும் கலைஞர் ஒருவருக்கு வாய்ப்புப் போகும் என்று செயலாளர்கள் சொல்வார்கள். நியாயமான கவலைதான். அப்படியென்றால் ஒவ்வொரு கச்சேரியிலும் பத்துப் பத்து நிமிடம் குறையுங்கள். பொன்னாடையையும் பாராட்டுரையையும் வாரக் கடைசியில் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். நிரல் அச்சுக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்தால்தான் உண்டு.

இப்படிக்கு,
கச்சேரி மேடைகளில் ஒலியமைப்புப் பணி செய்வோர் சிலர்,
மயிலாப்பூர், சென்னை.