ஜோனதன் வெறும் பூச்சாண்டி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நாடகம் பற்றி வந்த கட்டுரை, எல்டர்பெர்ரி ஒயினில் விஷம் கலந்து கொடுக்கும் அத்தைகள் இருவரையும் பக்கம் பக்கமாகக் கொண்டாடியிருக்கிறது. அவர்களுடைய சகோதரன் மகனாக வரும் வில்லன் ஜோனதன் புரூஸ்டருக்கு 'பயமுறுத்த வருபவன்' என்று ஒரே வரிதான். இது அநியாயம்.

1941இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இந்தப் பாத்திரத்தை ஏற்றவர் போரிஸ் கார்லாஃப். 1931இல் பிராங்கன்ஸ்டைன் படத்தில் பூதமாக வந்து உலகத்தையே மிரட்டியவர். நாடகக் கதைப்படி, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, குடிபோதையில் டாக்டர் ஐன்ஸ்டைன் (விஞ்ஞானி அல்ல, ஜோனதனின் கூட்டாளி) முகத்தை மாற்றும் அறுவைக்குக் கத்தியை எடுத்ததால் வந்த முகம் ஜோனதனுடையது. கார்லாஃப் சாயல் இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். மேடையில் நின்று அதற்குக் கோபப்பட்டவர் கார்லாஃபேதான்! 1944இல் வந்த படத்தில் ரேமண்ட் மாஸி நன்றாகவே செய்தார். ஆனாலும் இந்த வேடிக்கை பாதியாகிவிட்டது.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. அத்தைகளின் கணக்கில் பன்னிரண்டு பிணங்கள். தன் கணக்கு பதின்மூன்று என்கிறான் ஜோனதன். சவுத் பெண்ட் என்ற ஊரில் செத்தவனுக்கு நிமோனியா, அதைச் சேர்க்கக் கூடாது என்கிறார் டாக்டர். நான் சுடாமல் இருந்திருந்தால் அவனுக்கு நிமோனியா எப்படி வந்திருக்கும் என்று ஜோனதன் மல்லுக்கு நிற்கிறான். ஊர் ஊராகப் போய்க் கொன்றவன், வீட்டை விட்டு நகராத கிழவிகளோடு சமநிலையில் நிற்க வேண்டியதாகிறது. அந்த அவமானம் தாங்காமல்தான் கணக்கில் ஒன்று கூட்ட, சகோதரனாகக் கூட வளர்ந்த மார்ட்டிமரையே கொல்லத் துணிகிறான். பெரிய ரவுடி, உள்ளுக்குள் தோற்கவே பிடிக்காத வீட்டுப்பிள்ளை!

நமது பயத்தையெல்லாம் ஜோனதன் இழுத்துக்கொள்வதால்தான் அத்தைகளைப் பார்த்து நிம்மதியாகச் சிரிக்கிறோம். செய்ததோ இரு தரப்பும் ஒன்றுதான். எனவே இந்த வேடத்தைக் கோமாளித்தனமாக நடிப்பவர்கள் மொத்த நாடகத்தையும் கெடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். சிரிப்பு வரும் என்று தெரியாதவன்போல, முழுக் கோபத்தோடு நடிக்க வேண்டும். முக ஒப்பனையை மட்டும் நம்பினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

அத்தைகளைப் பற்றி எழுதிய அதே ரசனையோடு ஜோனதனைப் பற்றியும் கட்டுரையாளர் தனியாக எழுத வேண்டும். இடம் ஒதுக்குவீர்களா?

இப்படிக்கு,
நாடகப் பிரியர் ஒருவர்