நம்புவதற்கான துணிவு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மனைவிக்கு மறுபடியும் சிகிச்சை தொடங்கியிருப்பதையும், அதே வேளையில் உன் வேலை போய்விட்டதையும் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவசரத்தில் எழுதும் ஆறுதல் பெரும்பாலும் எழுதுகிறவனுடைய மனத்தைத்தான் ஆற்றுகிறது என்பதால் சற்றுப் பொறுத்தேன். இங்கே நாங்கள் நலம். எனக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. மகளுக்குப் பணி மாற்றல் வந்துவிட்டதால் வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்திருக்கிறது. என் பக்கத்துச் செய்தி அவ்வளவுதான். நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சபையில் எல்லோரும் உன்னைத் திடமான விசுவாசி என்று புகழ்வதாகவும், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் உனக்கு ஜெபிக்கவே வாய் வருவதில்லை என்றும், நீ ஒரு மாய்மாலக்காரனோ, வெளிவேடம் போடுகிறவனோ என்று உனக்கே ஐயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். இதே கேள்வியை உனக்கு முன்பு கேட்டவர் ஒருவர் உண்டு. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1943-இல் கைதான ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், பெர்லின் நகரத்துச் சிறையில் இருந்தபோது, 1944-இல், 'நான் யார்?' என்றொரு கவிதை எழுதினார். அவர் அமைதியும் உறுதியுமாக நடமாடுவதாக மற்றவர்கள் சொல்கிறார்கள். அவரோ தம்மைக் கூண்டுப் பறவையைப்போல் தவிப்பவராகவும், ஜெபிக்கவும் சிந்திக்கவும் இயலாமல் களைத்து வெறுமையானவராகவும் காண்கிறார். இரண்டில் எது தாம் என்ற கேள்விக்கு அவர் விடை கண்டுபிடிக்கவில்லை. தாம் யாராக இருந்தாலும் தேவனுக்குத் தம்மைத் தெரியும், தாம் அவருக்கு உரியவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். ஜெபிக்க முடியாத களைப்பு மாய்மாலத்தின் அடையாளமென்றால், அந்த மனிதரையும் நாம் மாய்மாலக்காரர் என்றே சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அதற்கு மனம் வராது.

உன்னைப் பார்க்க வந்த ஒருவர், விசுவாசக் குறைவினால்தான் நோய் நீங்காமல் இருக்கிறது என்று சொன்னாராம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவன் செய்ததுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல என்று இயேசு சொன்ன பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. முதல் சபைகளை நிறுவிய அப்போஸ்தலர் பவுலுக்கா விசுவாசம் குறைவு? அவரே தம் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்கிறார். அதற்கு விளக்கம் தரவில்லை. யாரையும் குற்றம் சாட்டவுமில்லை. இந்த ஒற்றை வரியைப் பலரும் கவனிப்பதில்லை. ஆசியாவில் நேரிட்ட உபத்திரவத்தில், பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போனதாகக் கொரிந்து சபைக்கு எழுதியவரும் அவர்தான்.

துணிவு எங்கிருந்து வரும் என்று கேட்டாய். நான் திரும்பத் திரும்பப் போகிற இடம் மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம். சிறுவயது முதல் அசுத்த ஆவியால் துன்பப்படும் மகனை ஒரு தகப்பன் அழைத்து வருகிறான். சீஷர்களால் அவனைக் குணமாக்க முடியவில்லை. அந்த ஏமாற்றத்தோடு இயேசுவின் முன் நின்று, "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று இழுக்கிறான். அதன்பின், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். ஒரே மூச்சில் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் சேர்த்துச் சொன்ன அந்த மனிதனை, போய் உன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு நடப்பதையும் பார். அந்த ஆவிக்கு இயேசு கட்டளையிட்டவுடன் பையன் துள்ளி எழுந்துவிடவில்லை. அலைக்கழிக்கப்பட்டுச் செத்தவன்போலக் கிடந்தான், அநேகர் செத்துப்போனான் என்றே சொன்னார்கள். அவர் கையைப் பிடித்துத் தூக்கும்வரை இருந்த அந்தச் சிறு இடைவெளியில் தகப்பனுடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று வேதம் சொல்லவில்லை. நீ இப்போது இருப்பது அந்த இடைவெளியில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னிடம் கேட்கப்படும் துணிவும் அந்தத் தகப்பனிடம் இருந்த அளவே: உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லிவிட்டு, அவர் முன்னிலையிலேயே நின்றிருப்பது.

உன் மனைவிக்குச் சுகம் கிடைத்தே தீரும் என்று நான் எழுத மாட்டேன். அது என் கையில் இல்லாத வாக்குறுதி. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், பாடுகளாகிய இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று குமாரனாகிய இயேசுவே வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. பிதாவிடம் தம் பயத்தையும் விருப்பத்தையும் மறைக்காமல் சொன்ன பிறகுதான் அவர் தம்மை ஒப்புக்கொடுத்தார் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது. ஆகவே நீ முறையிடலாம், கோபித்துக்கொள்ளவும் செய்யலாம். வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ஜெபிக்கச் சொற்கள் வராத இரவில் 88-ஆம் சங்கீதத்தை அப்படியே வாசித்துவிடு. கடைசி வரிவரை வெளிச்சமே வராத சங்கீதம் அது. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது.

இன்னொன்று, சாப்பிடு, தூங்கு. சிரிக்காதே. சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்ற எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். இரண்டு முறை எழுப்பிச் சாப்பிட வைத்தான். கண்டிப்பு ஒரு சொல்கூட இல்லை. நோயாளியோடு இருப்பவர்கள் தங்கள் உடம்பைக் கவனிப்பதில்லை. பாதிச் சோர்வை விசுவாசத் தளர்ச்சி என்று நினைத்து உன்னையே வருத்திக்கொள்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம்.

கப்பர்நகூமில் நாலுபேர் கூரையைப் பிரித்து, நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுவின் முன் இறக்கியபோது, இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அதுவரை ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை. உன்னால் முடியாத நாட்களில் நீயும் படுத்திருக்கலாம். சுமக்க நாங்கள் இருக்கிறோம். அடுத்த சிகிச்சை எந்தத் தேதியில் என்று மறக்காமல் எழுது. அந்த வாரம் நான் வந்து இரவுகளில் மருத்துவமனையில் தங்குகிறேன்; நீ வீட்டில் உறங்கு. பணத்தைப் பற்றியும் தயங்காமல் சொல். நம் இருவருக்குள் அதற்குக் கூச்சம் வேண்டாம். உன் மனைவிக்கு எங்கள் அன்பைச் சொல்.

கர்த்தருக்குள் உன் நண்பன்.