ஓலைக்கும் கணக்குக்கும் எண்பது நிமிடம் கொடுங்கள்

இராமநாதபுரம் கடலோர ஒன்றியங்களின் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். வரும் ஜூனில் கால அட்டவணை போடும்போது கைவேலைக்கு வாரத்தில் ஒருநாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாற்பது நிமிடத்தில் ஓலையை எடுத்து வைக்கும்போதே மணி அடித்துவிடும். இது கணக்கையும் அறிவியலையும் தின்னும் நேரம் இல்லை, அவற்றை நடத்தும் நேரம்.

நான்காம் வகுப்புப் பின்னத்துக்குப் பனங்குருத்தோலை போதும். நிழலில் இரண்டு நாள் வாடவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒன்றரை செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். பச்சையாகவே முடைந்தால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். நெடுக்கில் சாய ஓலை 12, குறுக்கில் வெள்ளோலை 12. ஒன்று மேல், ஒன்று கீழாக முடைந்தால் 144 கட்டத்தில் 72 சாயம், சரிபாதி. பதினொன்றுக்குப் பதினொன்று முடையச் சொல்லுங்கள்: 61, 60 என்று வரும். ஏன் சரிபாதி வரவில்லை என்று பிள்ளைகளே சண்டை போடட்டும். அடுத்து 12 ஓலையிலேயே குறுக்கோலையை இரண்டுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ் விடுங்கள். சாயம் 48, மூன்றில் ஒரு பங்கு. வரிக்கு வரி ஓர் ஓலை தள்ளித் தொடங்க மறந்தால் பின்னலே விழாது, தூக்கியதும் கழன்றுவிடும். பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். ஓலை விளிம்பு விரலைக் கீறும். முனைகளை ஆசிரியரே நறுக்கி வைப்பது நல்லது.

ஐந்தாம் வகுப்புத் தசமத்துக்குப் பாம்பன் புதிய ரயில் பாலம். 2025இல் திறந்த அந்தப் பாலத்தில் மேலே தூக்கும் பகுதி 72.5 மீட்டர். ஒரு செ.மீ.க்கு இரண்டு மீட்டர் என்றால் அட்டை 36.25 செ.மீ. வெட்ட வேண்டும். இதே அளவில் முழுப் பாலமும் பத்து மீட்டரைத் தாண்டும், அதை வராண்டாவில் சாக்கட்டியால் வரையட்டும். தூக்குவதற்கு நாலு மூலையிலும் தங்கூசி (நைலான் தூண்டில் இழை) கட்டி, தூண் உச்சி வழியே விட்டு, மறுமுனையில் மணல் நிரப்பிய தீப்பெட்டிகள். நூல் வேண்டாம், ஈரக்காற்றில் உப்பி மாட்டிக்கொள்ளும். நாலில் ஒன்று குட்டையானாலும் அட்டை சாய்ந்து தூணில் இறுகும். பசை வேண்டாத வேலை என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதைச் செய்யலாம்.

பசை வேலையை மழை மாதங்களில் வைக்காதீர்கள். பலூன் மேல் காகிதம் ஒட்டி, பந்துபோல் உப்பும் பேத்தை மீன் செய்வது பிப்ரவரிக்கு உரியது. 50 கிராம் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, மொத்தம் 300 மி.லி. ஆக்கிக் காய்ச்ச வேண்டும். மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் ஒருநாள் காயணும். ஒரேயடியாக ஒட்டினால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். அதற்காகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடும் பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் கூடவே கூடாது. உப்புக் கோலமும் கோடையில்தான் நிற்கும். கல்லுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துச் சொட்டவிடும். (அறிவியல் பாடம் அங்கேயே கிடக்கிறது.)

கண்காட்சிக்குப் பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இவையும் சிலவகைச் சங்கு, சிப்பிகளும் உள்ளன. கரையில் ஒதுங்கியது என்றாலும் வேண்டாம்.

சுவரில் மாட்ட அழகான நாலு வேலையைப் பொறுக்கி எடுப்பதையும் விடலாம். 61, 60 வந்த பாயும் சாய்ந்த பாலமும் வகுப்பிலேயே இருக்கட்டும், மறுவாரப் பாடத்துக்கு அவைதான் தேவைப்படும்.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளிகளின் கைவேலை ஆசிரியர்கள்